600 மி.மீ. லென்ஸுடன் விமானப் பயணம்: எந்தப் பை பொருந்தும்?

பனங்காடை, சென்னை

அனைவருக்கும் வணக்கம். வரும் ஆகஸ்டில் கென்யாவின் மசாய் மாராவுக்குச் செல்கிறோம். சென்னையிலிருந்து மும்பை வழியாக நைரோபி, பிறகு நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறிய விமானத்தில் மாராவின் மண் ஓடுதளம் என்பது திட்டம். இதுவரை கபினிக்கும் வேடந்தாங்கலுக்கும் காரிலேயே போய்வந்ததால் லென்ஸை எதில் வைப்பது என்ற கேள்வி எழுந்ததே இல்லை.

என்னிடம் இருப்பது நிக்கான் 600 மி.மீ. எஃப்/4இ எஃப்எல். எடை 3,810 கிராம். அதோடு இசட்9, இசட்8 என இரண்டு கேமரா பாடிகள், லென்ஸின் எட்டத்தைக் கூட்டும் 1.4 டெலிகன்வர்ட்டர், இந்த லென்ஸை இசட் பாடிகளில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டர், 100-400, 24-120 லென்ஸ்கள் ஆகியவை வருகின்றன. எல்லாவற்றையும் கூட்டினால் பை இல்லாமலேயே எட்டேகால் கிலோவுக்கு மேல் இருக்கிறது. என் பயணச்சீட்டில் கேபின் பைக்கு அனுமதி 7 கிலோ.

பார்த்து வைத்திருப்பவை நான்கு: திங்க் டேங்க் ஏர்போர்ட் செக்யூரிட்டி சக்கரப் பெட்டி, குரா கியர் கிபோகோ 30 முதுகுப்பை, லோப்ரோ லென்ஸ் டிரெக்கர் 600, பெலிக்கன் 1535 ஏர் கடினப் பெட்டி. இவற்றுள் எதை வாங்கலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

செங்கால்நாரை, கோயம்புத்தூர்

நண்பரே, பையின் பெயரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அதன் வெற்று எடையைப் பாருங்கள். பெலிக்கன் 1535 ஏர் அந்த நிறுவனத்தின் இலகுவான வரிசையைச் சேர்ந்தது என்றாலும் காலியாகவே 3.9 கிலோ. அதில் உங்கள் லென்ஸை மட்டும் வைத்தாலே 7.7 கிலோ ஆகிவிடுகிறது. திங்க் டேங்கின் சக்கரப் பெட்டி, பிரிப்பான்களைச் சேர்த்தால், நாலரைக் கிலோவுக்குக் குறையாது. அதாவது ஒரு பாடியைக்கூட உள்ளே வைக்கும் முன்பே இவை இரண்டும் உங்கள் வரம்பைத் தாண்டிவிடுகின்றன. கிபோகோ போன்ற மென்துணி முதுகுப்பைகள் இரண்டு கிலோவை ஒட்டி நிற்பவை. 7 கிலோவில் இரண்டு கிலோவைப் பைக்குக் கொடுப்பதற்கும் நாலரைக் கிலோவைக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தில் இரண்டு பாடிகளே அடங்கும்.

அடுத்தது நீளம். பெரும்பாலான விமான நிறுவனங்கள் கேட்பது 55 செ.மீ. நீளம், மூன்று அளவுகளையும் கூட்டினால் 115 செ.மீ. உங்கள் லென்ஸ் 43.2 செ.மீ. அதில் எஃப்டிஇசட் அடாப்டரின் 3 செ.மீ., இசட்9-இன் 9 செ.மீ. இரண்டையும் சேர்த்தால் 55 செ.மீ. வந்துவிடும், பையின் திணிப்பு அதற்கு வெளியே. பாடியை மாட்டிய நிலையில் 600 எஃப்/4 கேபினுக்குள் போகும் பை எதுவும் இருக்க முடியாது என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது. லென்ஸ் டிரெக்கர் லென்ஸையும் பாடியையும் மாட்டியபடியே தூக்குவதற்காகச் செய்யப்பட்ட நீள் உருளை. வேடந்தாங்கல் கரையில் நடக்க அருமையான பை. விமானத்துக்கு அது வேண்டாம்.

பலரும் கவனிக்காமல் விடுவது தடிமன். லென்ஸின் விட்டம் 16.6 செ.மீ. லென்ஸின் முன்முனையில் மாட்டும் ஒளிமறைப்பு வளையமான ஹூட்டைத் திருப்பி லென்ஸின் மேலேயே மாட்டினால் அது இன்னும் அகலமாகிறது. லென்ஸை டிரைபாடில் பொருத்துவதற்காக லென்ஸிலேயே இருக்கும் டிரைபாட் கால் வேறு ஒரு பக்கம் துருத்தி நிற்கும். பெலிக்கன் 1535-இன் உள் ஆழம் 18.3 செ.மீ.தான் என்பதால் ஹூட்டைத் திருப்பி மாட்டிய நிலையில் மூடி சரியாக அமராது. முதுகுப்பையின் துணி கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் பை புடைத்துக்கொள்ளும். புடைத்த பை, விமான நிலையத்தில் பையின் அளவைச் சோதிக்கும் அளவுச் சட்டத்துக்குள் இறங்காது. ஆகவே ஹூட்டைத் தனியே கழற்றிச் செக்-இன் பையில், துணிகளை உள்ளே அடைத்து அனுப்பிவிடுங்கள். அல்லது லென்ஸ்கோட், அக்வாடெக் போன்றோர் விற்கும் மடக்கும் ஹூட் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். நிறுவனம் கொடுத்த உயரமான டிரைபாட் காலுக்குப் பதிலாகத் தாழ்வான காலைப் பொருத்தினால் அங்கேயும் ஓரிரு செ.மீ. மிஞ்சும்.

கருங்கழுகு, சென்னை

செங்கால்நாரை ஐயாவின் கணக்கில் பிழை இல்லை. ஆனாலும் கடினப் பெட்டியை இப்படி ஒரேயடியாக ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் விளையாட்டுப் புகைப்படக்காரன். கிரிக்கெட் தொடர் நடக்கும்போது ஊர் ஊராக 400 எஃப்/2.8-ஐயும் 600-ஐயும் சேர்த்தே கொண்டு போக வேண்டும். இரண்டையும் கேபினில் கொண்டு போவது நடக்காத காரியம். பெரிய பெலிக்கன் பெட்டியில் வைத்து, எடைக்குக் கூடுதல் பணம் கட்டி, செக்-இன் செய்துதான் எங்கள் துறையில் பலரும் வேலை செய்கிறோம்.

செக்-இன் பெட்டியில் லென்ஸ் உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் பெட்டிக்குள் அது அசைவதுதான். நுரையில் லென்ஸின் வடிவத்துக்கு அச்சாக வெட்ட வேண்டும். பெட்டியை மூடிக் குலுக்கினால் எந்தச் சத்தமும் வரக் கூடாது. பாடியை மாட்டியபடி வைக்கவே கூடாது. பெட்டி விழும்போது பாடியின் எடை முழுவதும், லென்ஸும் பாடியும் இணையும் மவுன்ட்டைப் பிடித்திருக்கும் சில திருகுகளின் மேல் இறங்கும். டெலிகன்வர்ட்டரையும் அப்படியே கழற்றித் தனிக் குழியில் வைக்க வேண்டும். டிரைபாட் காலர் திருகை இறுக்கி, கால் பகுதியைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால், அடி நேராக லென்ஸின் உருளையில் இறங்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதிர்வுக் குறைப்பு இயங்கிக்கொண்டிருக்கும்போதே லென்ஸைக் கழற்றினால் உள்ளே இருக்கும் கண்ணாடித் தொகுதி பூட்டிக்கொள்ளாமல் இருக்கலாம். லென்ஸை ஆட்டினால் கடகட என்று கேட்கும். அது பழுது அல்ல. ஆனாலும் அந்த நிலையில் அதைப் பெட்டியில் போட வேண்டாம். மீண்டும் பாடியில் மாட்டி, கேமராவை இயக்கி, ஷட்டர் பட்டனிலிருந்து விரலை எடுத்து, வியூஃபைண்டரில் படம் நிலைத்த பிறகு அணைத்துக் கழற்றுங்கள். எந்தப் பையானாலும் இது பொருந்தும்.

குறிஞ்சிநிலா, மதுரை

பல ஆண்டுகள் விமான நிலையச் செக்-இன் கவுண்டரில் பணியாற்றியவள் என்ற முறையில் மறுபக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

ஊழியர்களின் கண்ணில் முதலில் படுவது சக்கரப் பெட்டிதான். அதைத் தராசில் வைப்பதும் அளவுச் சட்டத்தில் இறக்குவதும் எளிது. முதுகில் ஒட்டி நிற்கும் பை சிறியதாகத் தெரியும். இருந்தாலும் அதை எடை போடமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் யாரும் பயணத்தைத் திட்டமிட வேண்டாம். கூட்டம் நிறைந்த விமானத்தில், அதிலும் ஏடிஆர் 72 போன்ற சிறிய விமானத்தில், தலைக்கு மேலுள்ள அறை குறுகியதாக இருப்பதால் கேபின் பைகளை ஏணிப்படி அருகிலேயே வாங்கிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் விதியைப் பற்றி வாதிடுவதால் பயனில்லை. பையைத் திறந்து உள்ளே இருக்கும் லென்ஸைக் காட்டி, லென்ஸை மட்டும் கையில் எடுத்துக்கொள்கிறேன், பையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்று பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். ஆகவே பைக்குள் லென்ஸைத் தனியே தூக்கக்கூடிய, வாருடன் கூடிய ஒரு மெல்லிய உறையில் வைத்திருங்கள். அது இல்லாதவர்கள் பதற்றத்தில் லென்ஸைத் துண்டில் சுற்றிக்கொண்டு படியேறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

கருங்கழுகு அவர்கள் செக்-இன் முறையைச் சரியாகவே விவரித்திருக்கிறார். அதன் பணப்பக்கத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். எளிதில் உடையும் பொருளைச் செக்-இன் செய்யும்போது பொறுப்பு வரம்புச் சீட்டில் உங்களிடம் கையெழுத்து வாங்குவார்கள். உடைந்தால் விமான நிறுவனம் பொறுப்பேற்காது என்பதே அதன் பொருள். பெட்டியின் மேல் ஒட்டும் கண்ணாடிக் கோப்பைப் படம் அது கையாளப்படும் விதத்தைப் பெரிதாக மாற்றிவிடுவதில்லை. சர்வதேசப் பயணத்தில் 1999-ஆம் ஆண்டு மான்ட்ரியால் உடன்படிக்கையின்படி பைகளுக்கான இழப்பீட்டு உச்சவரம்பு, 2024 டிசம்பர் 28 முதல், ஒரு பயணிக்கு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). அது தோராயமாக இரண்டாயிரம் அமெரிக்க டாலர். பத்து லட்சத்துக்கு மேல் விலையுள்ள லென்ஸுக்கு அது எந்த மூலைக்கு? கூடுதல் மதிப்பை முன்கூட்டியே அறிவித்துக் கட்டணம் செலுத்தும் வழி உடன்படிக்கையில் இருக்கிறது. அப்படிச் செய்தாலும் உடைவைக் கண்டவுடன், அதிகபட்சம் ஏழு நாட்களுக்குள், எழுத்தில் புகார் கொடுத்தாக வேண்டும். பையைப் பெற்ற இடத்திலேயே திறந்து பார்த்து, வெளியேறுவதற்கு முன் புகாரைப் பதிவுசெய்வதே நல்லது.

தனியாகக் கேமராக் காப்பீடு எடுக்கிறவர்கள் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள்: இந்தியாவுக்கு வெளியேயும் செல்லுபடியாகுமா, செக்-இன் பையில் இருக்கும்போதும் செல்லுபடியாகுமா. இரண்டாவது கேள்விக்குச் செல்லுபடியாகாது என்பதே பதிலாக வந்தால் கருங்கழுகு சொன்ன முறை உங்களுக்குக் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாழைக்கோழி, சிங்கப்பூர்

எங்கள் ஊர் விமான நிறுவனத்திலும் எகானமி வகுப்புக்கு அதே 7 கிலோ, அதே 115 செ.மீ.தான். பிரிட்டிஷ் ஏர்வேஸ் கேபின் பைக்கு 23 கிலோ வரை அனுமதிக்கிறது, நீங்களே தூக்கி மேலே வைக்க முடிந்தால் போதும். லுஃப்தான்சாவில் 8 கிலோ. எனவே ஒரு பை எல்லாப் பயணத்துக்கும் சரி என்று யாராலும் சொல்ல முடியாது. உங்கள் பயணத்தில் வரும் விமானங்களுள் மிகக் கடுமையானது எதுவோ அதற்கேற்பத்தான் வாங்க வேண்டும்.

பையை மாற்றுவதைவிட லென்ஸை மாற்றுவது சிலருக்கு நல்ல தீர்வாக இருக்கும். நிக்கான் இசட் 800 எஃப்/6.3 காலருடன் 2,385 கிராம், நீளம் 38.5 செ.மீ. இசட் 600 எஃப்/6.3 காலருடன் 1,470 கிராம், நீளம் 27.8 செ.மீ. பின்னது சாதாரண முதுகுப்பையிலேயே போய்விடும். மாராவில் பெரும்பாலும் நல்ல வெளிச்சத்தில்தான் எடுக்கப் போகிறீர்கள். விடியலிலும் அந்தியிலும் எஃப்/4 தரும் கூடுதல் ஒளியும் பின்புல மென்மையும் இல்லாமல் போகும் என்பது உண்மை. அந்த இழப்பு யாருக்கு எவ்வளவு என்பதை அவரவர்தான் சொல்ல வேண்டும்.

எந்த லென்ஸானாலும், செக்-இன் செய்ய வேண்டிய நிலை திடீரென்று வரலாம் என்பதை மனத்தில் வையுங்கள். 2017 மார்ச்சில் துபாய், அபுதாபி, தோஹா உட்பட பத்து விமான நிலையங்களிலிருந்து அமெரிக்கா சென்ற நேரடி விமானங்களில் கைப்பேசியைவிடப் பெரிய மின்னணுக் கருவிகளைக் கேபினில் கொண்டு போகத் தடை வந்தது. கேமராவும் அதில் அடக்கம். ஜூலைக்குள் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. 2006 ஆகஸ்டில் லண்டனில் இதைவிடக் கடுமையாகச் சில நாட்கள் கைப்பையையே அனுமதிக்கவில்லை. அதனால் நான் செக்-இன் பெட்டியின் நடுவில் லென்ஸ் அளவுக்குத் திணிப்புள்ள ஓர் உறையை மடித்து வைத்தே புறப்படுவேன்.

பனங்காடை, சென்னை

மூவருக்கும் ஐயாவுக்கும் மிக்க நன்றி. லென்ஸை விற்கும் எண்ணம் இல்லை. சிறுத்தைகளை விடியற்காலையில் எடுக்க வேண்டும் என்பதற்காகவே பல ஆண்டுகள் சேமித்து வாங்கியது. செக்-இன் செய்யவும் மனம் ஒப்பவில்லை.

நேற்றிரவு எல்லாவற்றையும் தொங்கு தராசில் மாட்டிப் பார்த்தேன். முதுகுப்பையில் லென்ஸ், இசட்8, அடாப்டர் மட்டும் வைத்தால் 4.85 கிலோ. பை இரண்டு கிலோ என்று கொண்டால் 7-க்குள் மயிரிழையில் நிற்கிறது. இசட்9-ஐயும் 100-400-ஐயும் சிறிய தோள்பையில் தனிப்பட்ட உடைமையாக வைத்தால் அது மூன்று கிலோவைத் தொடும். பேட்டரிகளுக்கும் 24-120-க்கும் இன்னும் இடம் கிடைக்கவில்லை. வில்சனிலிருந்து செல்லும் விமானத்தில் மொத்தமே 15 கிலோ என்று முகாமிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அது எப்படிச் சாத்தியம்?

செங்கால்நாரை, கோயம்புத்தூர்

அங்கே பறப்பவை பெரும்பாலும் செஸ்னா கேரவன் வகை விமானங்கள். பைகளை விமானத்தின் வயிற்றுக்குக் கீழே இருக்கும் உயரம் குறைந்த சரக்குக் கூட்டில் திணித்து அடைப்பார்கள். மடங்கி வளையும் துணிப்பைகளே அதில் போகும் என்பதால்தான் சக்கரமும் கடினச் சட்டமும் உள்ள பெட்டிகளை மறுக்கிறார்கள். போட்ஸ்வானாவிலும் இதே நிலைதான். அங்கே பொதுவாகக் கைப்பையையும் சேர்த்து 20 கிலோ. உங்கள் பட்டியலில் இருந்த நான்கில் இரண்டு இந்த ஒரு காரணத்தாலேயே விலகிவிடுகின்றன. கேமராப் பையைக் கூட்டுக்குக் கொடுக்காமல் மடியிலோ காலடியிலோ வைத்துக்கொள்ளக் கேளுங்கள். எடை கட்டுப்படாவிட்டால் சாமான்களுக்காகக் கூடுதல் இருக்கை ஒன்றைக் கட்டணம் கொடுத்துப் பதிவுசெய்யும் வழக்கம் அங்கே உண்டு. இருவர் சேர்ந்து போனால் அந்தச் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம்.

எடையைக் குறைக்க முதலில் கை வைக்க வேண்டியது டிரைபாடில். மாராவில் வண்டியை விட்டு இறங்க அனுமதியில்லை. வண்டிக்குள் மூன்று காலை விரித்து வைக்க இடமுமில்லை. கனமான லென்ஸைத் தாங்க அதன் மேல் பொருத்தும் விம்பர்லி கிம்பல் தலை மட்டுமே 1.4 கிலோ. இரண்டையும் வீட்டில் விட்டுவிட்டு, காலியான பீன் பேக் ஒன்றைத் துணிகளோடு மடித்து வையுங்கள். அங்கே போய் அரிசியோ பயறோ வாங்கி நிரப்பிக்கொள்ளலாம். முகாமில் சொல்லி வைத்தால் அவர்களே ஏற்பாடு செய்வார்கள். ஜன்னல் விளிம்பில் பீன் பேக்கை வைத்து 600-ஐச் சாய்த்தால் தாழ்வான கோணமும் கிடைக்கும், எஞ்சின் அணைந்ததும் அசைவும் நின்றுவிடும்.

பேட்டரி பற்றி: உதிரி லித்தியம் பேட்டரிகள் கேபினில்தான் இருக்க வேண்டும், செக்-இன் கூடாது. 100 வாட்-அவர் வரை தடையில்லை. இசட்9 பேட்டரி சுமார் 36, இசட்8 பேட்டரி 16, ஆகவே இரண்டிலும் சிக்கல் இல்லை. முனைகளை மூடி மேலங்கியின் உட்பைகளில் போட்டுக்கொள்ளுங்கள். 24-120-ஐ ஹூட்டோடு சேர்த்துச் செக்-இன் பையில் துணிகளுக்கு நடுவே வைக்கலாம். 600-க்கு நான் அதைச் சொல்லமாட்டேன், இதற்குச் சொல்வேன்.

தூசுக்காகப் பிளாஸ்டிக் பைகளைக் கட்டுக்கட்டாக எடுத்துப் போகும் பழக்கம் நம்மிடம் உண்டு. கென்யாவில் 2017 ஆகஸ்ட் முதல் பிளாஸ்டிக் தூக்குப்பைகளுக்குத் தடை இருக்கிறது, தண்டனையும் கடுமையானது. தலையணை உறை இரண்டு போதும். லென்ஸும் பாடியும் மாட்டியபடி மடியில் இருக்கும்போது மேலே போர்த்திக்கொள்ளலாம், துவைத்தும் கொள்ளலாம்.

குறிஞ்சிநிலா, மதுரை

ஒரு முக்கியமான வேலை விட்டுப்போகிறது. புறப்படும்போது விமான நிலையத்தில் சுங்கத் துறையிடம் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். லென்ஸ், இரண்டு பாடிகள் ஆகியவற்றின் வரிசை எண்களைக் குறித்துக் கொடுப்பார்கள். திரும்பி வரும்போது இது வெளிநாட்டில் வாங்கியது அல்ல என்பதற்கு அதுவே சான்று. பொருள்களைக் காட்ட வேண்டியிருக்கும் என்பதால் செக்-இன் வரிசையில் நிற்பதற்கு முன்பே அதை முடிக்க நேரம் ஒதுக்குங்கள். வாங்கிய ரசீதின் நகலையும் வைத்திருங்கள். சென்னையிலிருந்து மும்பைக்கு உள்நாட்டு விமானத்தில் போகிறீர்கள் என்றால் சுங்கப் பிரிவு மும்பையில்தான் வரும்; இரண்டு விமானங்களுக்கும் இடையில் அதற்கான நேரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புச் சோதனையில் கேமராக்களைத் தட்டில் தனியே எடுத்து வைக்கச் சொல்வார்கள். பெரிய லென்ஸையும் சேர்த்தே எடுக்கச் சொல்லலாம். நின்றபடியே முழுதாகத் திறக்கக்கூடிய பைதான் அங்கே கைகொடுக்கும்.

கருங்கழுகு, சென்னை

15 கிலோவும் சரக்குக் கூடும் வருகிற பயணம் என்றால் கடினப் பெட்டிக்கு அங்கே இடமில்லை, ஒப்புக்கொள்கிறேன். மைதான வேலைக்கு நான் சொன்னது அப்படியே நிற்கிறது. பனங்காடை, கிபோகோவை வாங்குவதற்கு முன் லென்ஸைக் கையோடு எடுத்துப் போய் அதில் வைத்துப் பாருங்கள். நடுவில் பிரிந்து இரு பாதியாகத் திறக்கும் அமைப்பு என்பதால், ஒரு பாதியில் 600 படுத்த பிறகு மறு பாதியின் ஜிப் இழுபடாமல் மூடுகிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துவிட வேண்டும்.

பனங்காடை, சென்னை

ஒரு நண்பரிடம் கிபோகோ இருந்தது. அவர் வீட்டுக்கே லென்ஸைக் கொண்டு போய்ப் பார்த்தேன். ஹூட்டைக் கழற்றி, காலைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் ஜிப் சிரமமில்லாமல் மூடுகிறது. ஹூட்டைத் திருப்பி மாட்டினால் பை முன்பக்கம் புடைக்கிறது. அதையே வாங்குவதாக முடிவுசெய்து, மடக்கும் ஹூட்டும் வாருள்ள உறையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். டிரைபாட் வரவில்லை. மும்பையில் இடைவெளி நான்கு மணி நேரம் இருக்கிறது, சான்றிதழுக்குப் போதும் என்று நினைக்கிறேன். கடைசியாக ஒன்று: முதுகுப்பைக்குள் லென்ஸின் எந்த முனை கீழே இருக்க வேண்டும்?

செங்கால்நாரை, கோயம்புத்தூர்

முன்கண்ணாடிப் பக்கம் கீழே, மவுன்ட் மேலே. எடையில் பெரும்பங்கு இருக்கும் அகன்ற முனை இடுப்பருகில் நின்றால் நடக்கும்போது பை பின்னால் இழுக்காது. முன்மூடிக்கும் பையின் அடிப்பகுதிக்கும் இடையில் இரண்டு விரல் தடிமனுக்குத் திணிப்பு வையுங்கள். பையைத் தரையில் வைக்கும்போது விழும் அடி அங்கேதான் விழும். மவுன்ட் மூடியை இறுக்கித் திருகி, அதற்கு மேல் உள்ள இடத்தில் இசட்8-ஐப் படுக்க வையுங்கள், இரண்டுக்கும் நடுவே ஒரு பிரிப்பான் இருக்கட்டும். விமானத்தில் பையை மேலே வைத்தால் முதுகுப் பட்டை கீழ்நோக்கி இருக்கும்படி படுக்க வையுங்கள். பக்கத்து இருக்கைக்காரர் தன் பெட்டியை அதன் மேல் ஏற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.